திறந்து பார்க்காத பேக்கப்

கோபம் இன்னும் அடங்கவில்லை.

தேர்வாய் கண்டிகையில் ஒரு தொழிற்சாலையின் முதலுதவி அறையில் நான் நர்ஸ். மெஷின் சத்தத்தில் வேலை செய்பவர்களின் காதை வருடா வருடம் பரிசோதித்து, முடிவைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவேன்.

இன்று காலை அந்த சாஃப்ட்வேரைப் புதிய வெர்ஷனுக்கு மாற்ற ஒருவர் வந்தார்.

"பேக்கப் எடுத்தீங்களா?"

"எடுத்தாச்சு சிஸ்டர்."

"வேற கம்ப்யூட்டர்ல ஒருவாட்டி ரீஸ்டோர் பண்ணி, பதிவெல்லாம் திரும்ப வருதான்னு காட்டுங்க. அப்புறம் ஆரம்பிங்க."

"அதுக்கெல்லாம் டைம் இல்ல. எங்க வேலைய எங்களுக்கே சொல்லித் தராதீங்க."

பக்கத்தில் நின்ற மேனேஜர் சிரித்தார்.

அப்கிரேடு பாதியில் நின்றது. பேக்கப்பைத் திறந்தால் உள்ளே ஒன்றுமே இல்லை. ஆறு வருடப் பதிவும் போய்விட்டது.

"விடுங்க, எல்லாருக்கும் புதுசா டெஸ்ட் எடுத்துடலாம்" என்றார் மேனேஜர்.

மாத்திரை வாங்க வந்திருந்த ஏழுமலை அண்ணனுக்கு இடது காது கேட்காது. அவர் முன்னால் வந்து நின்றார்.

"இன்னா சார் பேசிக்கினு கீறீங்க? இப்ப எடுத்தா செவிடுன்னுதான் வரும். வேலைக்கு சேரச்சொல்ல நல்லா கேட்டுச்சே, அதுக்கு இன்னா ஆதாரம்?"



நடந்ததை அப்படியே எழுதித் தலைமை அலுவலகத்துக்கு மெயில் அனுப்பிவிட்டேன். பழைய ரிப்போர்ட் நகல் வீட்டில் இருந்தால் கொண்டுவரும்படி எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். இதுவரை மூன்று பேரிடம்தான் இருக்கிறது. அண்ணனிடம் இல்லை.

உங்கள் ஆபீசிலும் "எடுத்தாச்சு" என்று ஒருவர் சொல்லியிருப்பார். நாளைக்கே திறந்து காட்டச் சொல்லுங்கள். எப்படி முறைத்தார் என்று இங்கே வந்து எழுதுங்கள்.