சல்லடைக்காரர் எடுத்த மண்

அன்றைக்கு மண் பரிசோதனை நிலையத்தில் வரிசை வாசற்படி வரைக்கும் நின்றது. தன் முறை வந்ததும் தோட்டக்காரம்மா மண் பையை மேசைமேல் வைத்தாள். பையை வாங்கிக்கொள்பவரை அங்கே எல்லாரும் சல்லடைக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் பையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், அவளுக்குப் பின்னால் நின்ற கூட்டத்தைப் பார்த்தார். அடுத்த நொடி பை அவர் கையிலிருந்து நழுவியது. தரையெல்லாம் மண்.

"கண்ணு எங்கய்யா இருக்கு?" என்று உள்ளேயிருந்து அதிகாரி சத்தம் போட்டார்.

"கை வழுக்கிடுச்சு சார். என் தப்புதான். ஞாயித்துக்கிழமை நானே போய் மண்ணு எடுத்துட்டு வந்துடறேன்."

யாரோ சிரித்தார்கள். தோட்டக்காரம்மாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இரண்டு பேருந்து மாறிச் சுமந்து வந்த மண் அது.

அந்த மண்ணை நம்பித்தான் அவள் பிழைப்பு இருந்தது. இரண்டு போகமாகத் தோட்டத்தில் மிளகாயும் பீன்ஸும் துளிரிலேயே மஞ்சளடித்தன. யூரியா போட்டாள், இன்னும் போட்டாள், ஒன்றும் கேட்கவில்லை. நிலம் அவள் கணவருக்கும் கொழுந்தனுக்கும் பொது. கணவர் போய்ச் சேர்ந்த பிறகு அவள்தான் பாடுபட்டாள். மேல்மண்ணை வெட்டிக்கொள்ளச் செங்கல் சூளைக்காரர் கொழுந்தனை நச்சரித்துக்கொண்டிருந்தார்.

"செத்த மண்ணைக் கட்டிக்கிட்டு அழறீங்களே அண்ணி," என்றான் கொழுந்தன். "சரி, சோதனைச் சீட்டு வரட்டும். அதுல ஒரு வழி சொல்லியிருந்தா இன்னொரு போகம் பாருங்க. இல்லைன்னா சூளைக்குத்தான்."

அவளும் சரி என்றுவிட்டாள். அன்றிலிருந்து காலையும் மாலையும் அந்த மண்ணுக்காகவே கடவுளை வேண்டினாள்.

சொன்னபடி ஞாயிற்றுக்கிழமை சல்லடைக்காரர் சைக்கிளில் வந்தார். பிளாஸ்டிக் வாளி, சின்ன மண்வெட்டி, புதுத் துணிப்பை. வரப்போரம், மரத்தடி, எருக்குழிப் பக்கம் எதையும் தொடவில்லை. தோட்டத்துக்குள் வளைந்து வளைந்து நடந்து பத்து இடத்தில் நின்றார். மேலே கிடந்த சருகை ஒதுக்கி, ஒரு சாண் ஆழத்துக்குச் சரிவாகக் குழி வெட்டி, அதன் பக்கவாட்டில் மேலிருந்து கீழ்வரை ஒரே கனமாகச் சீவி எடுத்தார். எல்லாவற்றையும் வாளியில் கலந்து, சாக்கில் பரப்பி, நாலு பங்காக்கி, எதிரெதிர்ப் பங்கு இரண்டைத் தள்ளினார். மிஞ்சியதை மறுபடி நாலாக்கினார். கடைசியில் அரைக் கிலோதான் நின்றது.

"இவ்வளவு பாடு எதுக்குங்க? ஒரு கை அள்ளிட்டுப் போனா போதாதா?"

"ஒருத்தரைக் கேட்டுட்டு ஊரே அப்படித்தான்னு சொல்லலாமாக்கா?" என்றவர், கொஞ்சம் தயங்கிவிட்டு, "கோவிச்சுக்காதீங்க. நீங்க கொண்டாந்தது யூரியா வந்த பை," என்றார்.

"மூணு தண்ணில அலசினேனே!"

"முப்பது தண்ணில அலசினாலும் தையல்ல ஒட்டிக்கிட்டு இருக்கும். அதைச் சோதிச்சா உங்க தோட்டத்தைச் சோதிச்ச மாதிரி ஆகாது, உரக்கடையைச் சோதிச்ச மாதிரிதான் ஆகும். சத்து தாராளமா இருக்குன்னு சீட்டு வந்திருக்கும்."

"அப்போ கை வழுக்கினது?"

"போன வாரம் ஒருத்தர் இதே மாதிரி கொண்டாந்தாரு. எல்லார் முன்னாலயும் சொல்லிட்டேன். கூட்டம் சிரிச்ச சிரிப்புல மனுஷன் அப்புறம் இந்தப் பக்கமே வரலை."

அவள் சாக்கை உதறி மடித்து அவரிடம் கொடுத்தாள்.

கிளம்பும்போது அவர் மூலையில் சாம்பல் குவியலைப் பார்த்து நின்றார். பேக்கரி அடுப்புச் சாம்பல், ஆறு வருஷமாக வாரம் நாலு கூடை போடுகிறேன், சாம்பலில் சத்து உண்டு என்றார்களே என்றாள் அவள். "உண்டுதான்," என்றார். அதோடு சைக்கிளை எடுத்தார். சோதிக்காமல் வாயைத் திறப்பது அவர் வழக்கமில்லை.

அவருக்கென்று ஒரு பிடி நிலம் கிடையாது. மாடியில் ஒற்றை அறையில் குடியிருந்தார். பெருக்குவதற்கு வேலைக்குச் சேர்ந்தவர், பிறகு மண்ணை நிழலில் உலர்த்தவும், மரச்சுத்தியால் கட்டி உடைக்கவும், சலிக்கவும் பழகிக்கொண்டார். "ஊர் மண்ணெல்லாம் இவர் மூக்குலதான் இருக்கு" என்று உடன் வேலை செய்கிறவர்கள் கேலி செய்வார்கள். அவரும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டுத் தும்முவார்.

பத்தாம் நாள் சீட்டு வந்தது. எண்களைப் பார்த்து அவள் விழிக்க, சல்லடைக்காரர் அவளை நிலையத்துக்கு வெளியே பெஞ்சில் உட்காரவைத்துச் சொன்னார்.

"இந்த எண்ணு மண்ணோட புளிப்பு, காரத்தைச் சொல்லும். ஏழுன்னா நடு. அதுக்குக் கீழே புளிப்பு, மேலே காரம். மிளகாய்க் காரம் இல்லைக்கா, சோப்புக் காரம். உங்க மண்ணு எட்டரை. இரும்பு மண்ணுலயே இருக்கு, ஆனா இவ்வளவு காரத்துல அது கரையாது. கரையாததை வேர் எடுத்துக்க முடியாது. பெட்டி நிறையத் துணி இருந்தும் சாவி தொலைஞ்ச கதை."

"யூரியா போட்டேனே?"

"அடி இலை மஞ்சளானா தழைச்சத்துக் குறை, யூரியா கேக்கும். உங்களுக்குத் துளிர்தானே மஞ்சளாச்சு? நரம்பு மட்டும் பச்சையா? அது இரும்புக் குறை."

"சாம்பலாலயா? நானே கெடுத்துட்டேனா?"

"நல்லதுதானேன்னு அளவில்லாம போட்டுட்டீங்க. பாசம் கூடிப்போச்சு, அவ்வளவுதான்."

வழியையும் சீட்டின் பின்னால் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தார். சாம்பலை நிறுத்துவது. மக்கின எருவை நிறையப் போடுவது, அது மெல்ல மெல்லக் காரத்தை இறக்கும். அதுவரை தாங்க, அன்னபேதி என்கிற இரும்பு உப்பைத் தண்ணீரில் கரைத்து, துளி எலுமிச்சைச் சாறு விட்டு, வெயில் தாழ இலையில் தெளிப்பது.

கொழுந்தன் சீட்டைத் திருப்பித் திருப்பிப் படித்தான். "உப்புத் தண்ணி தெளிச்சா உயிர் வந்துடுமா?" என்று முணுமுணுத்தான். ஆனாலும் சொன்ன சொல்லை மீறவில்லை. மூன்றாவது தெளிப்புக்குப் பிறகு ஒரு காலை, அவள் கூப்பிடாமலே அவன் செடிப் பக்கம் குனிந்து நின்றான். பழைய இலை மஞ்சளாகவே இருந்தது. புதுத் துளிர் பச்சை.

"அண்ணி, சூளைக்காரர்கிட்ட வேண்டாம்னு நானே சொல்லிடறேன்," என்றான். அவள் அங்கேயே வரப்பில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். கடவுளுக்கு நன்றி சொன்னவள், அதே மூச்சில் சல்லடைக்காரருக்கும் சொன்னாள்.

மூன்று வருஷம் கழித்து அவருக்கு ஓய்வு வந்தது. தன் மகள் வீட்டுக்கே குடிபோகிறார் என்று கேள்விப்பட்டு, முதல் பறிப்பு பீன்ஸைப் பை நிறைய எடுத்துக்கொண்டு ஓடினாள். சாமானெல்லாம் போய் அறை காலியாக இருந்தது. தரையில் உட்கார்ந்திருந்த அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்து மெதுவாக எழுந்தார். அந்த வருஷச் சீட்டை அவள் நீட்டினாள். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, ஏழரை என்று வாய்விட்டுப் படித்தார்.

"தினமும் உங்களுக்காகவும் மண்ணுக்காகவும் வேண்டிக்கறேங்க," என்றாள்.

அவர் சிரித்தார். "மண்ணை விடுங்கக்கா, அது நல்லாயிருக்கு. இனிமே என் முழங்காலுக்கு வேண்டிக்கோங்க."