கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னது

எங்கள் தெருமுனைச் சலூன்காரருக்கு 'ஆமாங்க' என்று பட்டப்பெயர் வைத்தது யார் என்று விசாரித்துப் பார்த்தேன். மூன்று பேர் தாங்கள்தான் என்கிறார்கள். மூவரையும் நம்ப முடியவில்லை. பெயர் பொருத்தமானது என்பதில் மட்டும் யாருக்கும் சந்தேகமில்லை. நாற்காலியில் உட்கார்ந்தவர் எதைச் சொன்னாலும் அவர் "ஆமாங்க" என்பார். வெயில் தாங்கவில்லை என்றால் ஆமாங்க. அடுத்து உட்காருபவர், போன வருஷத்துக்கு இது எவ்வளவோ பரவாயில்லை என்றால் அதற்கும் ஆமாங்க. ஒருநாள் ஆளுங்கட்சிக்காரர் எழுந்த நாற்காலியில் எதிர்க்கட்சிக்காரர் உட்கார்ந்தார். சலூன்காரர் துண்டை உதறி மாற்றிப் போட்டுவிட்டு அவருக்கும் ஆமாங்க சொன்னார். பெஞ்சில் இருந்த நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை.

பயமோ குழைவோ அல்ல அது. கடையில் வேறு யாரும் இல்லாத ஒரு மதியம் நானே கேட்டுவிட்டேன்.

"கத்தி கழுத்துல இருக்கறப்போ எதிர்த்துப் பேசினா உட்கார்ந்திருக்கறவர் திரும்பிப் பார்ப்பாருங்க. திரும்பினா வெட்டும். தொழில் பழகின புதுசுல ஒருத்தர்கிட்ட, முந்தின நாள் ஃபுட்பால் மேட்ச்ல போட்ட அந்த கோல் செல்லாதுன்னு சொன்னேன். 'எப்படிய்யா செல்லாது?'ன்னு சடக்குனு திரும்பினாரு. காது மடல்ல ஒரு கீறல். அன்னையிலேருந்து எல்லா கோலும் செல்லும்."

நான் நீதிமன்றப் பதிவறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பார்த்ததையும் கேட்டதையும் கலக்காமல் வைப்பது பழக்கம். இனி எழுதுவதில் கடையில் நடந்தவை நான் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தவை. மாடியில் நடந்தவை அவர் மனைவி சொன்னவை. அந்த அம்மா ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை பார்ப்பவர். எதையும் கூட்டிச் சொல்லமாட்டார், குறைத்துச் சொல்லி மரியாதை காப்பாற்றவும் மாட்டார்.

கடை கீழே, வீடு மாடியில். இரண்டும் ஹவுஸ் ஓனருடையவை. சலூன்காரருக்கு ஒரே மகள், பள்ளிப் படிப்பின் கடைசி வருஷம். கட்டடக்கலை படிக்க வேண்டும், அதுவும் குறிப்பிட்ட ஒரு கல்லூரியில் என்று பிடிவாதமாக இருந்தாள். விண்ணப்பிப்பவர்கள் கூட்டம் கூட்டமாக; எடுப்பது ஒரு வகுப்பறை கொள்ளும் அளவுக்கு. பெற்றோர் கூட்டத்தில் ஆசிரியை சலூன்காரரிடம் சொன்னார்: "மார்க் நல்லா இருக்கு. ஆனா மார்க் மட்டும் வெச்சு அங்க எடுக்க மாட்டாங்க. படிப்பைத் தவிர என்ன செய்யறான்னு கேப்பாங்க."

படிப்பைத் தவிர அவள் தூங்குவாள். அதை எழுத முடியாது.

அன்று மாலை அவர் செய்த தவறு, இந்தக் கேள்வியைக் கடையில், பெஞ்சு நிறைய ஆள் இருக்கும்போது, வாய்விட்டுக் கேட்டதுதான்.

நாற்காலியில் ஹவுஸ் ஓனர் இருந்தார். சதுரங்க மன்றத் தலைவர் அவர். "இதுல யோசிக்க என்ன இருக்கு? செஸ். செஸ்னாலே மூளைன்னு அவனுக்குத் தெரியும். நாளைக்கே அனுப்பு."

"ஆமாங்க."

அடுத்து வக்கீல். "மேடைப் பேச்சுதான் எடுபடும். நானே சொல்லித் தர்றேன்."

"ஆமாங்க."

நீச்சல்குள மேலாளர் நீச்சல் என்றார். மருந்துக்கடைக்காரர் தன் செடி வளர்ப்போர் சங்கம் என்றார். ஆமாங்க, ஆமாங்க. கடைசியாக மீசை திருத்த வந்த பேண்டு மாஸ்டர் எழுந்தார். தீயணைப்புத் துறை இசைக்குழுவை நடத்தி ஓய்வு பெற்றவர். இன்னும் நெருப்பைப் பார்த்தவர் போலவே பேசுவார். "எங்கிட்ட ஒரு டூபா இருக்கு. யாரும் தொடறதில்ல. பொண்ணு ஊதட்டும்!"

"ஆமாங்க" என்றார் சலூன்காரர். டூபா என்றால் என்ன என்று அவருக்குத் தெரியாது.

தெரிந்தபோது அது தள்ளுவண்டியில் வந்து நின்றது. பெரிய பித்தளை மலர் ஒன்றுக்குக் குடல் முளைத்து, அந்தக் குடலைச் சுருட்டி வைத்தாற்போல ஒரு வாத்தியம். இசைக்குழுவில் கடைசி வரிசையில் ஒருவர் மடியில் ஒரு மாமாவை உட்கார வைத்திருப்பதுபோல வைத்து ஊதுவாரே, அதுதான். மாடிப்படி வளைவில் சிக்கிக்கொண்டது. சலூன்காரரும் பேண்டு மாஸ்டரும் வண்டிக்காரரும் தள்ளினார்கள். மேலே நின்ற சலூன்காரரின் மனைவி, "மாப்பிள்ளை வீட்டுக்குள்ள வர மாட்டேங்கறாரா?" என்றார்.

முதல் ஊதல் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, ஏனென்றால் நாற்காலியில் இருந்தவன் நான். கூரை வழியாக ஏதோ ஒரு பெரிய மிருகம் வயிறு சரியில்லை என்று சொன்னது. அலமாரியில் பவுடர் டப்பாக்கள் நடுங்கின. கண்ணாடியில் என் முகம் நான்கைந்தாகத் தெரிந்தது. கத்தி என் தாடையிலிருந்து எப்போது விலகியது என்று எனக்கே தெரியாது. அவ்வளவு வேகமான கை அவருக்கு.

அன்றே மேலும் கீழும் ஓர் ஒப்பந்தம் ஆனது. ஊதுவதற்கு முன் மகள் காலால் தரையை மூன்று தட்டு தட்ட வேண்டும். கீழே அப்பா கத்தியை எடுத்துவிட்டு, ஒட்டடைக் குச்சியால் கூரையில் ஒரு தட்டு தட்டுவார். அந்த ஒற்றைத் தட்டு வராமல் அவள் ஊதக்கூடாது. சிக்கலான கழுத்து ஏதாவது அமைந்தால் அவர் நெடுநேரம் தட்டமாட்டார். மேலே அவள் வாயில் ஊதுகுழலோடு, நெஞ்சு நிறைய மூச்சோடு காத்திருப்பாள்.

வாரத்தின் மற்ற நாட்களும் நிறைந்துவிட்டன. சதுரங்க மன்றத்தில் அவளோடு ஆட ஒரு சின்னப் பையனை உட்கார வைத்தார்கள். அவன் ஆறுதல் சொன்னானாம்: "பரவால்லக்கா. நீங்க சீக்கிரம் தோத்துடறதால எனக்கு வெளிய போய் விளையாட நேரம் கிடைக்குது." வக்கீல் ஒவ்வொரு வாக்கிய முடிவிலும் வலது கையை உயர்த்தக் கற்றுக்கொடுத்திருந்தார். வீட்டில் சாப்பிடும்போது, "அம்மா, உப்பு!" என்று கையை உயர்த்தினாள். நீச்சல் குளத்தில் கை உயர்ந்தபோது உயிர்காப்பாளர் குதித்துவிட்டார். செடி வளர்ப்போர் சங்கம் கொடுத்த செடி மட்டும் யாருக்கும் தொந்தரவு தராமல் தானே பட்டுப்போனது.

டூபாவுக்கு மட்டும் அவளை யாரும் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. பள்ளியிலிருந்து வந்ததும் பையை எறிந்துவிட்டு மூன்று தட்டு. பேண்டு மாஸ்டர் ஒருநாள் மீசையை மறந்து பெஞ்சில் உட்கார்ந்து கூரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "சரியா வருதா மாஸ்டர்?" என்று நான் கேட்டதற்கு, "பேசாதீங்க, வருது" என்றார்.

பிறகு விண்ணப்பம் வந்தது. படிப்புக்கு வெளியே செய்வதை எழுத இரண்டே கட்டங்கள். ஒவ்வொன்றுக்கும் பயிற்சி கொடுத்தவரின் கடிதம் வேண்டும்.

சலூன்காரர் அந்தக் கட்டங்களை இரண்டு தடவை எண்ணிப் பார்த்தாராம். ஐந்து பேரிடம் ஆமாங்க சொல்லியாகிவிட்டது. அதில் ஒருவர் கடைக்கும் வீட்டுக்கும் சொந்தக்காரர். "நான் கடிதம் எழுதியே வெச்சுட்டேன்" என்று ஹவுஸ் ஓனர் முன்பே சொல்லியிருந்தார். அதற்கும் ஆமாங்க.

"ஒண்ணு செஸ், ஒண்ணு மேடைப் பேச்சு. கௌரவமா இருக்கும் பாப்பா" என்றார் மகளிடம்.

"எதைப் பத்தி கேட்டாலும் பதில் சொல்லணும்பா. செஸ்ல நான் ஒரு தடவைகூட ஜெயிச்சதில்ல. டூபா மட்டும் எழுதறேன்."

"அப்போ இன்னொரு கட்டம்?"

"காலியா இருக்கட்டும்."

"காலியாவா? பாதி தலைக்கு மொட்டை அடிச்சு அனுப்பற மாதிரி இருக்காது?"

"பொய்யா எழுதி மாட்டிக்கிட்டா முழு மொட்டைப்பா."

அவர் மனைவி பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டாராம்: "ஊரு முழுக்க ஆமா போட்டுட்டு வந்தீங்களே, ஒருத்தர்கிட்டயாவது இல்லைன்னு சொன்னா உங்க வாய் கோணிக்குமா? நான் புது அடுப்பு கேட்டா மட்டும் தெளிவா வருதே அந்த வார்த்தை!"

"நீ நாற்காலியில உட்கார மாட்டியே" என்றாராம்.

மறுநாள் சனிக்கிழமை. பெஞ்சில் நான், வக்கீல், இன்னும் இரண்டு பேர். ஹவுஸ் ஓனர் நாற்காலியில், முகம் முழுக்க நுரை. சலூன்காரர் வலப்பக்கம் முடித்து இடப்பக்கம் வந்தபோது அவர், "விண்ணப்பத்துல முதல் கட்டத்துல செஸ்தானே?" என்றார்.

சலூன்காரர் கத்தியை எடுத்தார். மடக்கினார். கண்ணாடிக்குக் கீழே இருந்த பலகையில் வைத்தார். கையைத் துடைத்துக்கொண்டார். பிறகு சொன்னார்:

"இல்லைங்க."

வக்கீலின் கையிலிருந்த பத்திரிகை இறங்கியது. நான் அந்தக் கடைக்குப் போக ஆரம்பித்த காலத்திலிருந்து அந்தச் சொல்லை அங்கே கேட்டதில்லை.

"என்ன சொன்னே?"

"டூபா மட்டும்தாங்க எழுதறா. செஸ் அவளுக்கு வரலை. உங்க பேரை எழுதி, அவங்க நாலு கேள்வி கேட்டா உங்களுக்கும் அவமானம். பேச்சும் எழுதலை" என்று வக்கீலையும் ஒரு பார்வை பார்த்துக்கொண்டார். அவர் ஒரேயடியாக முடித்துவிட நினைத்தார் போல.

ஹவுஸ் ஓனர் எழுந்தார். "இந்தக் கடையும் மாடியும் யாரோடதுன்னு ஞாபகம் இருக்கா?"

"இருக்குங்க. ஆனா விண்ணப்பம் அவளோடது."

கழுத்துத் துண்டோடு விறுவிறுவென்று வாசலுக்குப் போனார். கதவைத் திறந்தார். எதிரே பேருந்து நிறுத்தத்தில் நல்ல கூட்டம். ஒரு கன்னம் வழவழவென்று, மறு கன்னத்தில் வெள்ளை நுரையோடு அவர் வெளியே பார்த்தார். வெளியே இருந்தவர்களும் அவரைப் பார்த்தார்கள். கதவைச் சாத்தினார். வந்து உட்கார்ந்தார்.

சலூன்காரர் காய்ந்த நுரையைத் துடைத்து, புது நுரை போட்டு, கத்தியை விரித்தார்.

"நான் ஒரு வார்த்தை..."

"பேசாதீங்க சார், கழுத்து."

அப்போது மேலே மூன்று தட்டு கேட்டது. சலூன்காரர் கத்தியை விலக்கி, குச்சியால் கூரையில் ஒன்று தட்டினார். டூபா எழுந்தது. நீளமாக ஒன்று, பிறகு படி இறங்குவதுபோல ஒவ்வொன்றாகக் கீழே, கீழே. பவுடர் டப்பாக்கள் நடுங்கின. ஹவுஸ் ஓனரின் புது நுரையும் லேசாக நடுங்கியது.

"இதுக்காகவா என் செஸ்ஸை விட்டா?"

"ஆமாங்க" என்றார் சலூன்காரர்.

நேர்முகத்தில் நடந்ததை மகளே கடைக்கு வந்து சொன்னாள். மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்களாம். ஒரு பேராசிரியர், "எல்லாரும் ரெண்டு எழுதி, இடம் போதலைன்னு ஓரத்துலயும் எழுதியிருக்காங்க. நீங்க ஒண்ணுதானா?" என்று கேட்டார். ஒன்றுதான் என்றாள். அதில் என்ன கற்றுக்கொண்டாய் என்றபோது, "எப்போ ஊதக் கூடாதுன்னு கத்துக்கிட்டேன்" என்று சொல்லி, கீழே கடை, மேலே வீடு, மூன்று தட்டு, ஒற்றைத் தட்டு, நடுவில் ஒருவர் கழுத்து என்று விளக்கினாள். டூபா ஊதினால் கட்டடத்தில் எந்தச் சுவர் எவ்வளவு நடுங்கும் என்று ஒவ்வொரு சுவரிலும் முதுகைச் சாய்த்து ஊதியே கண்டுபிடித்ததையும் சொன்னாள். நடுவில் இருந்த பேராசிரியர் தன்னை அறியாமல் தொண்டையைத் தடவிக்கொண்டாராம்.

முதல் பட்டியலில் பெயர் இல்லை. ஹவுஸ் ஓனர் அன்றைக்கென்று ஷேவிங்குக்கு வந்து, "செஸ்..." என்று ஆரம்பித்து, பலகையில் கத்தி மடங்கும் சத்தம் கேட்டு நிறுத்திக்கொண்டார். இரண்டாம் பட்டியலில் பெயர் இருந்தது. சலூன்காரர் கடையைப் பாதி நாள் மூடினார். மாடியில் அன்று மூன்று தட்டு இல்லாமலே டூபா முழங்கியது.

"இடம் கிடைச்சதுக்குக் காரணம் நம்ம மன்றத்துல கத்துக்கிட்ட பொறுமைதான்" என்று ஹவுஸ் ஓனர் இப்போதும் சொல்கிறார்.

"இல்லைங்க" என்கிறார் சலூன்காரர்.

இதுதான் இப்போது எங்கள் கஷ்டம். வெகுகாலம் அடைத்துக் கிடந்த குழாய் திறந்துகொண்டதுபோல அந்தச் சொல் நிற்காமல் வருகிறது. வக்கீல் தலைக்குச் சாயம் கேட்டார். இல்லைங்க, உங்க முகத்துக்கு ஒத்துவராது. மருந்துக்கடைக்காரர் மழை வரும் என்றார்; இல்லைங்க. பட்டப்பெயரை மாற்றலாமா என்று பெஞ்சில் பேச்சு நடக்கிறது. புது அடுப்பு மட்டும் மாடிக்கு வந்துவிட்டது. அதை அவர் மனைவியே கடைக்கு வந்து, நாற்காலியில் உட்கார்ந்து கேட்டு வாங்கினார்.

போன சனிக்கிழமை என் முறை. காதுக்கு மேலே இன்னும் கொஞ்சம் குறைக்கலாமே என்றேன்.

"இல்லைங்க. இருக்கறதே அங்க மட்டும்தான்."

திரும்பிப் பார்த்து நாலு வார்த்தை கேட்கலாம் என்று நினைத்தேன். கத்தி கழுத்தில் இருந்தது.

"ஆமாங்க" என்றேன்.