ஆரணி அடுப்பில் கார்ச்சோஃபி

இத்தாலியின் இந்தக் கோமோ ஊரில் குளிர்காலம் வந்தால் நாலரை மணிக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடுகிறது. நாம் சமணர்கள், இருட்டிய பிறகு சாப்பிடுவதில்லை. அதனால் பக்கத்து வீட்டு சின்யோரா லூச்சியா மதியம் சாப்பிட்ட பாத்திரத்தைத் துலக்கும்போது, நாம் இராச் சாப்பாட்டையே முடித்துக் கை கழுவிவிடுகிறோம். கோடையிலோ ஒன்பது மணிக்கும் வெயில் நிற்கிறது. சுநந்தா, ஜீவா, நாம் இந்த ஊருக்கு எப்படி வந்தோம் என்று அடிக்கடி கேட்கிறீர்கள். ஆரணியில் இருக்கும் உங்கள் பெரியப்பா பிள்ளைகளும் படிக்கட்டும் என்று எழுதுகிறேன்.

நான் எட்டாவது வரை படித்தவன். ஆரணியில் பட்டுச் சாயப்பட்டறையில் வேலை பழகி, இங்கேயும் பட்டு ஆலைகள் உண்டு என்று கேட்டு, அந்த வேலையை நம்பி எழுபதுகளின் கடைசியில் தனியாக இங்கே வந்தேன். முதல் மாதங்களில் ரொட்டியும் பாலும்தான் சாப்பாடு. நான் இளைத்துக்கொண்டே போவதைப் பார்த்து லூச்சியா எனக்கு ஏதோ நோய் என்று நினைத்துவிட்டாள். ஒரு நாள் கோழிச் சாறு கொண்டுவந்தாள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு அவள் பாஷை தெரியாது. கை கூப்பினேன். அவள் அதை வணக்கம் என்று எடுத்துக்கொண்டு, தானும் கை கூப்பிவிட்டு, பாத்திரத்தை வைத்துவிட்டுப் போனாள். பிறகு ஒரு தாளில் கோழி, மீன், முட்டை, வெங்காயம், பூண்டு எல்லாம் வரைந்து, ஒவ்வொன்றையும் அடித்துக் காட்டினேன். நெடுநேரம் யோசித்தவள், தோட்டத்துக்குப் போய்ப் பச்சை மொட்டு ஒன்றைப் பறித்து வந்தாள். தாமரை மொட்டுக்குச் செதில் முளைத்த மாதிரி இருந்தது. அதுதான் கார்ச்சோஃபி. இங்கிலீஷில் ஆர்ட்டிசோக். அதை எலுமிச்சை, புதினா போட்டு வதக்கி, பாஸ்தாவோடு கலந்து தந்தாள். அன்றைக்குத்தான் எனக்கு வயிறு நிறைந்தது.

ஐந்தாம் வருஷம் லீவில் ஆரணிக்கு வந்தேன். உங்கள் அம்மாவையும் உங்களையும் கூட்டிக்கொண்டு போகத்தான் வந்தேன். தாத்தா போன பிறகு எங்களை ஆளாக்கியது பெரியப்பா. அரிசி மண்டியை நடத்திக்கொண்டே குடும்பத்தையும் நடத்தியவர். அவர் சரி என்று சொல்லாமல் அம்மா வாசல்படி தாண்டமாட்டாள். அவரோ ஒரே பிடியாக நின்றார்.

"நீ போன, சரி. புள்ளைங்க அங்க போயி இன்னாத்தடா தின்னும்? கவுச்சி நாத்தத்துல உக்காந்துகினு வெறும் ரொட்டியா?"

ஈரக் காகிதத்தில் சுற்றிப் பெட்டியில் கொண்டுவந்த கார்ச்சோஃபிகளையும், ஒரு பொட்டலம் பாஸ்தாவையும் காட்டினேன். நாளைக்குச் சமைக்கிறேன், சாப்பிட்டுவிட்டு முடிவு சொல்லுங்கள் என்றேன். அதற்கு ஒத்துக்கொண்டார். பொழுது சாய்ந்தால் உட்காரமாட்டேன், அதற்கப்புறம் இந்தப் பேச்சும் கூடாது என்று சேர்த்துச் சொன்னார்.

மறுநாள் சாயங்காலம் நான் கடைத்தெருவில் புதினா வாங்கி வருவதற்குள், பெரியம்மா உதவி செய்ய உட்கார்ந்துவிட்டாள். வாழைப்பூ ஆய்ந்த கைக்கு இது என்ன பெரிய வேலை என்று நினைத்திருக்கிறாள். வாழைப்பூவில் மேல்மடலை எறிந்துவிட்டு உள்ளே இருக்கும் பூவை எடுப்போம் அல்லவா? அதே மாதிரி ஒவ்வொரு மொட்டையும் பிளந்து, உள்ளே இருந்த முடிபோன்ற நாரைப் பக்குவமாகக் கிள்ளி மோரில் போட்டிருந்தாள். உண்மையில் தொண்டையில் குத்தும் என்று எறிய வேண்டியது அந்த நாரைத்தான். தின்ன வேண்டிய அடிச்சதை, மடலோடு சேர்ந்து மாட்டுக்கூடையில் கிடந்தது.

பெரியப்பா மோர்க் கிண்ணத்தை எட்டிப் பார்த்தார். "தம்பி அஞ்சு வருஷமா தொடப்பம் தின்னுகினு இருந்துக்கிறான், பாரு."

பெரியம்மாவுக்கு முகம் செத்துவிட்டது. "வாழப்பூன்னு நெனச்சிக்கினேன் தம்பி, பேஜாரு பண்ணிட்டேன்" என்றாள். நான் கூடையைக் கவிழ்த்தேன். மாட்டின் வாய் இன்னும் படவில்லை. கறுத்த இடங்களைச் சீவி, அடிச்சதையை நன்றாக அலசிப் புதிய மோரில் போட்டேன். முற்றத்துச் சுவரில் வெயில் மேலே ஏறிக்கொண்டிருந்தது. அம்மா பம்ப் ஸ்டவ்வை அடித்தாள். பெரியம்மா பாஸ்தாவை, சோறு வடிப்பது போலத் துளி சிந்தாமல் வடித்துக் கொடுத்தாள். லூச்சியா தன் வீட்டுக்குச் செய்யும்போது பூண்டு போடும் இடத்தில் அம்மா நெய்யில் பெருங்காயம் பொரித்தாள். அதை நான் சொல்லவில்லை, அவளே செய்தாள். மிளகு, புதினா, எலுமிச்சை. வாசனை கூடத்துக்குப் போய்விட்டது.

சுவரின் உச்சியில் ஒரு விரல்கடை வெயில் இருந்தபோது தட்டை வைத்தேன்.

பெரியப்பா ஒரு துண்டை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார், பூச்சி ஏதும் இருக்கிறதா என்று. மண்ணுக்கடியில் விளைவதும் நமக்கு ஆகாது. "இது வேரா?"

"பூவுண்ணா."

"இந்தக் கொழா சேமியாவுல முட்ட கிட்ட?"

"வெறும் கோதும ரவ."

ஜீவா, நீ அதற்குள் ஐந்து விரலிலும் பாஸ்தாக் குழாயை மாட்டிக்கொண்டு, ஒவ்வொன்றாகக் கடித்துத் தின்றுகொண்டிருந்தாய். பெரியப்பா உன்னைப் பார்த்தார். பிறகு ஒரு வாய் போட்டார். மென்றார். இரண்டாவது வாய், மூன்றாவது வாய். தட்டு காலியானதும் பெரியம்மா பக்கம் திரும்பினார்.

"இன்னும் கொஞ்சம் போடு. ஜல்தி, பொழுது போவுது."

எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. பெரியம்மா முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டே சட்டியை வழித்துப் போட்டாள். கை கழுவி வந்ததும் பெரியப்பா, "பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போடு" என்றார்.

புறப்படுகிற அன்று அம்மா அலமாரியில் இருந்து நம்முடைய நாலு எவர்சில்வர் தட்டையும் எடுத்துப் பெட்டியில் வைக்கப்போனாள். ஒவ்வொன்றிலும் நம் பேர் வெட்டியிருக்கும்.

பெரியப்பா தடுத்தார். "தட்ட வைய்யிம்மா. அங்க வேற வாங்கிக்கோங்க. இது இங்கயே இருக்கட்டும்."

இங்கே நாம் சாப்பிடும் பீங்கான் தட்டுகள் வெள்ளை வெளேரென்று இருக்கின்றன, யார் பேரும் இல்லை. ஆரணியில் பெரியம்மா நல்ல நாள்தோறும் வீட்டுத் தட்டுகளோடு நம் நாலையும் எடுத்துத் துலக்கி, வெயிலில் காயவைத்து, பேர் தெரியும்படி அடுக்கி வைக்கிறாளாம்.