அக்காவுக்குப் போட்ட பூ

அரளிப் பூவைக் கிள்ளினால் காம்பிலிருந்து பால் வடியும். விரலில் அது காய்ந்துவிட்டால் எத்தனை முறை கழுவினாலும் பிசுபிசுப்பு லேசில் போகாது. எட்டு வயதில் அந்தப் பிசுபிசுத்த கையால்தான், சிதம்பரத்தில் எங்கள் தெருக்கோடிப் பிள்ளையார் முன்னால், என் அக்கா வளர்மதி எந்த நாட்டுக்குப் போக வேண்டும் என்று நான் பூ எடுத்தேன்.

அக்கா நர்ஸிங் முடித்துவிட்டுக் கடலூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தாள். இங்கிலாந்துக்கு நர்ஸாகப் போக வேண்டும் என்பது அவள் ஆசை. அதற்கான ஆங்கிலப் பரீட்சைக்குக் கடலூர் பஸ்ஸில் நின்றுகொண்டே படிப்பாள், குழம்பைக் கிளறிக்கொண்டே ஆங்கிலத்தில் தனக்குத்தானே பேசிக்கொள்வாள். முதல் தடவை கொஞ்சத்தில் தவறிவிட்டது; ஆறு மாதம் பொறுங்கள், அடுத்த தடவை தேறிவிடுவேன் என்றாள்.

அதற்குள் குவைத்தில் வண்டி ஓட்டிக்கொண்டிருந்த எங்கள் தாய்மாமா லீவில் வந்து, "பரீட்ச கிரிட்ச ஒண்ணும் வாணாம், ஆஸ்பத்திரி வேல, விசா ரெடியா கீது" என்றார். அப்பா, பெரியப்பா, மாமா மூவரும் ஒரு ஞாயிறு முழுக்கக் கூடத்தில் உட்கார்ந்து இரண்டு நாட்டையும் அலசினார்கள். இங்கிலாந்து எந்தத் திசையில் இருக்கிறதென்று மூவரில் ஒருவருக்கும் தெரியாது. போகப்போகிறவளோ அடுப்படியில் அவர்களுக்கு டீ போட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில் அப்பா, "பூ போட்டுப் பாத்துடலாம்" என்றார்.

பெண் எடுப்பதிலிருந்து போர்வெல் போடுவது வரை எங்கள் வீட்டில் இதுதான் வழக்கம். சிவப்பு அரளி ஒரு பொட்டலம், வெள்ளை அரளி ஒரு பொட்டலம், சாமி முன் வைத்துச் சின்னப் பிள்ளையை விட்டு எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை இங்கிலாந்து, சிவப்பு குவைத் என்று வைத்தார்கள். நான் எடுத்தது வெள்ளை. அக்கா என் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரு தடவ செல்லாது மாமா, மூணு தடவ போடணும்" என்று அப்பாவிடம் சொன்னார் தாய்மாமா. மறுபடி எடுத்தேன், மறுபடியும் வெள்ளை. அதோடு முடிந்திருக்க வேண்டுமா, இல்லையா? "கொழந்த கைய சரியா கழுவல, சாமி குத்தமாயிடும்" என்று என்னை ஒதுக்கிவிட்டு அவரே குனிந்து எடுத்தார். சிவப்பு. உடனே கற்பூரம் ஏற்றிவிட்டார்கள். எட்டு வயதிலேயே எனக்குப் புரிந்த அந்தப் பித்தலாட்டம் மூன்று பெரிய மனிதர்களுக்குப் புரியாமலா இருந்திருக்கும்?

"என்ன ஒரு வார்த்த கேட்டீங்களாப்பா?" என்றாள் அக்கா.

"சாமியையே கேட்டாச்சி, ஒன்ன வேற என்னாத்த கேக்கறது?" என்றார் பெரியப்பா.

போய் இறங்கிய பிறகுதான் அது வீட்டு வேலை விசா என்று தெரிந்தது. படுத்த படுக்கையாக இருந்த ஒரு கிழவியைக் குளிப்பாட்டித் துடைத்து, அந்த வீட்டுப் பாத்திரத்தையும் துலக்கினாள் என் நர்ஸ் அக்கா. "ஏஜெண்ட் ஏமாத்திட்டான்" என்று மாமா கையை விரித்துவிட்டார். அந்தக் கிழவி போய், இன்னொரு வீடு, இன்னொரு கிழவர் என்று பதினைந்து வருடம் ஓடிவிட்டது.

பிள்ளையார் கோயிலுக்கு இப்போது டைல்ஸ் போட்டுவிட்டார்கள், சாக்கடை கட்டும்போது அரளிச் செடியை வெட்டிவிட்டார்கள். அக்காவின் வாயிலிருந்த ஆங்கிலமும் போய்விட்டது. அரபி நன்றாகப் பேசுகிறாள். இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். வருடம் போகப் போக எங்கள் வீட்டில் அந்தக் கதையையும் மாற்றிவிட்டார்கள் என்பதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

போன பொங்கலுக்கு அக்கா லீவில் வந்திருந்தாள். வீட்டுக்கு வந்த சொந்தக்காரரிடம் அப்பா சிரித்துக்கொண்டே, "எல்லாம் சின்னவ செஞ்ச வேல. அவதான் செவப்ப எடுத்தா" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள், தட்டில் கரும்பு நறுக்கிக்கொண்டிருந்த அக்கா தலை நிமிராமல் சொன்னாள்:

"இல்லப்பா. இவ ரெண்டு தடவயும் வெள்ளையத்தான் எடுத்தா."

அப்பா ரிமோட்டை எடுத்து டிவி சத்தத்தைக் கூட்டினார்.