மேடையிலிருந்து இறக்கப்பட்ட பகிடிக்காரர்

தோணியால் இறங்கிய ஒருவர்தான் வவுணதீவில் வைத்து என்னிடம் சொன்னார்: "சேர், உங்கட பகிடிக்காரர் அரசரெத்தினம் அண்ணன் போயிட்டாராம்." நெஞ்சுவலி. சண்டையென்று பாதையைப் பூட்டியிருந்ததால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வழியில்லையாம். அட பாவிகளே, சாகும்போதுமா அந்த மனிதரை மறிப்பீர்கள் என்று வாய்விட்டே ஏசினேன்.

குருக்கள்மடத்திலும் களுவாஞ்சிக்குடியிலும் அவருடைய நாடகம் பார்த்தவர்களுக்கு நான் அவரை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. எழுத்து, நெறியாள்கை, முக்கிய வேடம் மூன்றும் அவரே. நான் அவருடைய குழுவில் சின்னச் சின்ன வேடங்கள் கட்டியவன். ஒத்திகையில் சிரிப்பு வரட்டும் என்று யாராவது முகத்தைக் கோணினால், "குரங்காட்டம் வேணாடா. உள்ளதச் சொல்லு, சனம் தானாச் சிரிக்கும்" என்பார்.

உள்ளதைச் சொன்னதுதான் வினையாயிற்று. காணாமல்போன மகனைத் தேடும் தாயின் காட்சி அது. சேலை கட்டித் தாயாக வந்தவர் அவர். இராணுவ அதிகாரியாகவும் இயக்கப் பொறுப்பாளராகவும் வந்தவன் நான் ஒருவனே, தொப்பியை மட்டும் திருப்பிப் போட்டுக்கொண்டு. இருவரும் "அங்க போய்க் கேளு" என்று விரட்டுவார்கள். சனம் வயிறு நோகச் சிரித்தது. சில தாய்மார் அழுதார்கள். அடுத்த நாளே அந்தக் காட்சியை வெட்டச் சொல்லி ஆட்கள் வந்தார்கள். எந்தத் தரப்பு என்று எழுதமாட்டேன். எனக்கும் பிள்ளைகள் உண்டு.

"சரி தம்பி, ஒரு சொல்லும் இருக்காது" என்றார் அண்ணன். சொன்னபடியே செய்தார். அடுத்த முறை அந்த இடம் வந்ததும் சேலையோடு மேடை நடுவில் குந்தியிருந்து, சனத்தைப் பார்த்தபடி வாயே திறக்கவில்லை. மண்டபம் சிரிப்பால் அதிர்ந்தது. அன்றோடு அவர் மேடையேறக் கூடாதென்று உத்தரவு வந்தது.

பிறகு அதே ஆட்கள் வந்து, மற்றத் தரப்பை மட்டும் நக்கலடித்து எழுதினால் மேடை தருவதாகச் சொன்னார்கள். "ஒரு பக்கத்த மட்டும் பகிடி பண்ணினா அது நாடகமில்ல தம்பி, நோட்டீசு" என்று அனுப்பிவிட்டார். சாகும்வரை வயல்வட்டையில் வேளாண்மை செய்தார். வரம்பில் நின்று புது வசனங்களை மாடுகளுக்கு நடித்துக் காட்டுவார். "ஒண்டும் சிரிக்குதில்லடா" என்று என்னிடம் குறைப்படுவார்.

செத்தவீட்டுக்கு அதே ஆட்கள் மலர்வளையத்தோடு வந்தார்கள். "மக்கள் கலைஞருக்கு எமது அஞ்சலி" என்று எழுதியிருந்தது. வெட்கங்கெட்டவர்கள்! அவர்களில் ஒருவர் பேச முன்னுக்கு வந்தார். அண்ணனின் மனைவி பாயிலிருந்து எழும்பினார்.

"நீங்க பேச வேணா தம்பி. மனிசன் உயிரோட இருக்கக்குள்ள பேச விடல்ல. இப்ப அவருக்காகப் பேச வந்தயளா? வளையத்தையும் கொண்டு போங்க."

கொண்டுபோனார்கள்.

அண்ணனை அறிந்தவர்களே, அவருடைய பகிடிகளை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அவரிடமிருந்து மிஞ்சியது ஆத்திரம் ஒன்றுதான். அதை நான் ஆற விடமாட்டேன்.