சமபுலாவில் நான் மாற்றிய பூட்டு

2000ஆம் ஆண்டு ஜூன் 14, புதன்கிழமை, காலை ஏழு மணி பத்து நிமிடம். ஃபீஜியின் தலைநகர் சுவாவின் சமபுலாப் பகுதியில், ஒரு பள்ளிக்கூடத்துச் சமையல் கொட்டகையின் வாசலில் சாக்கு ஒன்று கிடந்தது. உள்ளே மண் போகக் கழுவிய மரவள்ளிக்கிழங்கு. அடியில் நீர் இன்னும் கசிந்துகொண்டிருந்தது. கொண்டுவந்தவரைக் காணவில்லை. இந்த ஊரில் கிழங்கு கொண்டுவருகிறவர் அதை வாசலில் போட்டுவிட்டுப் போவதில்லை. உள்ளே வந்து அமர்ந்து, வீட்டில் எல்லாருடைய நலனையும் விசாரித்து, தேநீர் குடித்த பிறகே எழுவார். சாக்கின்மேல் ஒரு பழைய சாவி வைக்கப்பட்டிருப்பதைக் கண்ட பிறகுதான் எனக்கு விஷயம் விளங்கியது. முந்தின மாலை நான் கொட்டகையின் பூட்டை மாற்றியிருந்தேன். அந்தச் சாவியை வைத்திருந்த, சமையலுக்கு உதவ வரும் மெரேயிடம் சொல்லவில்லை.

திருநெல்வேலியிலிருந்து இலக்கியம் படிக்க வந்தவளுக்குச் சமையல் கொட்டகையில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். மே மாதத்தில் ஆயுதம் ஏந்தியவர்கள் நாடாளுமன்றத்துக்குள் புகுந்து பிரதமரைப் பிணையாகப் பிடித்துவைத்த பின் எங்கள் பல்கலைக்கழக வகுப்புகள் நின்றுபோயின. நௌசோரி ஊருக்கு அப்பால் பண்ணைகளிலிருந்து விரட்டப்பட்ட இந்தியக் குடும்பங்கள் சில இந்தப் பள்ளியின் வகுப்பறைகளில் தங்கியிருந்தன. அவர்களுக்கான சமையலை நடத்தியவர் ராஜம்மா அக்கா. அவர் வீட்டில்தான் நான் வாடகைக்கு இருந்தேன். ஆக்லாந்து செல்ல அக்காவுக்கு விசா வந்ததும் பொறுப்பு என் கைக்கு வந்தது. அந்த மாதங்களில் சுவாவில் பதவிகள் தகுதி பார்த்துத் தரப்படவில்லை. ஒருவர் விமானம் ஏறப் புறப்பட்டால், மிச்சமிருப்பவர் தலைவராகிவிடுவார்.

நான் செய்த முதல் காரியம் பட்டியல் எழுதியது. யார் எந்நாளில் காய் நறுக்குவது, யார் அண்டா கழுவுவது என்று கட்டம் போட்டுச் சுவரில் ஒட்டினேன். அடுத்த தெருத் தேவாலயத்திலிருந்து மூன்று பெண்களுடன் நாள்தோறும் உதவ வந்த மெரே, இந்த மண்ணின் ஃபீஜியர், அதைப் பார்த்துச் சிரித்தார். ஹிந்தியும் ஆங்கிலமும் கலந்த அவர் பேச்சைத் தமிழில் தருகிறேன்: "ஏ டீச்சர், சோத்துக்கும் பரீட்சை வைப்பியா? நான் ஃபெயிலானா சாப்பாடு கிடையாதா?"

செவ்வாய்க்கிழமை எண்ணிப்பார்த்தபோது பால்மாவு டின் இரண்டு குறைந்தன. சாவி வைத்திருந்தவர்கள் இருவர், ஒருவர் நான். எவ்வளவு சுலபமான கணக்கு! புதன் நண்பகலில் உண்மை தெரிந்தது. கைக்குழந்தைக்காரி ஒருத்திக்கு ராஜம்மா அக்காவே, பொறுப்பைக் கைமாற்றும் முன், அந்த டின்களைக் கொடுத்திருந்தார்.

அன்றே மெரேயைத் தெருவில் கண்டு, "மன்னிக்கவும், பூட்டு மாறிவிட்டது" என்று சொல்லிப் புதுச் சாவியை நீட்டினேன். "சேங்கா நா லெங்கா" என்றார் புன்னகையுடன். ஒன்றுமில்லை, பரவாயில்லை என்று பொருள். "சாவி உன்கிட்டேயே இருக்கட்டும்." அவர் பெருந்தன்மையை மெச்சிக்கொண்டு, விஷயம் முடிந்தது என்று வீடு திரும்பினேன். அது முடியவில்லை. நான்கு நாட்கள் மெரே வரவில்லை. அவருடன் வரும் பெண்களும் வரவில்லை. அதைவிட வருத்தமானது வேறு. பண்ணையிலிருந்து ஓடிவந்த ஒரு தாய், ஃபீஜியர் நிழலைக் கண்டாலே குழந்தையை இறுக்கிக்கொண்டிருந்தவள், இரண்டு வாரத்தில் அதே குழந்தையை மெரேயின் மடியில் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போகும் அளவுக்குத் தேறியிருந்தாள். இப்போது அவள் புதிய பூட்டைக் காட்டிப் பக்கத்தில் இருந்தவளிடம், "பாத்தியா, இந்தியாக்கார டீச்சருக்கே நம்பிக்கை இல்லே" என்றாள். நான் ஒரு வார்த்தையும் பேசாதபோது என் பூட்டு எல்லாரிடமும் பேசிவிட்டிருந்தது.

என் அப்பா தலைமையாசிரியர். ஒருமுறை பள்ளி முத்திரையைத் தொலைத்ததாக அலுவலக உதவியாளரை எல்லார் முன்னாலும் கடிந்துகொண்டார். மறுநாள் அது அப்பாவுடைய மேசை இழுப்பறையிலேயே இருந்தது. அப்பா எதுவும் சொல்லவில்லை. ஒரு வாரம், தம் ஃபிளாஸ்கிலிருந்து தம் கையாலேயே உதவியாளருக்குக் காபி ஊற்றிக் கொடுத்தார். எங்கள் ஊரில் அது போதும். அவரும் புரிந்துகொண்டார், பள்ளியும் புரிந்துகொண்டது. இங்கோ, மாணவர் விடுதியில் சண்டையிட்ட இருவரில் ஒருவன் நங்கோனா வேர்க்கட்டுடன் மற்றவன் அறைக்கு வந்து, தரையில் தலைகுனிந்து அமர்ந்து, அனைவர் முன்னாலும் தன் தவற்றைச் சொன்னதைக் கண்டிருக்கிறேன். இடித்துக் கரைத்துக் குடிக்கும் அந்த வேரை வைத்துத்தான் இங்கே மன்னிப்புக் கேட்கிறார்கள். அன்று நடைபாதையில் நின்று அதை ஒரு சடங்காக வேடிக்கை பார்த்தேன். என் முறை வரும் என்று நினைக்கவில்லை.

ஞாயிறு பிற்பகல் வேர்க்கட்டைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு புறப்பட்டபோது, பெட்டிகளைக் கட்டிக்கொண்டிருந்த ராஜம்மா அக்கா நிமிர்ந்தார்.

"இன்னா தங்கச்சி, பைத்தியமா ஒனக்கு? நாட்டையே புடிச்சி வச்சிருக்கானுங்க, அவனுங்க எவனாச்சும் நங்கோனா தூக்கினு வந்தானா? நீ ஒரு பூட்டுக்குப் போய்க் குந்துவியா?"

"அவங்க வரலைன்னா அது அவங்க பாடு அக்கா. பூட்டு நான் போட்டது."

அக்கா பெட்டிக் கயிற்றைக் கீழே போட்டார். பிறகு செருப்பைத் தேடினார். "அச்சா, சலோ. நீ வாயத் தொறக்கவே ஒரு நாளாவும். ஃபீஜியன்ல நான் ஆரம்பிக்கிறேன்."

மெரேயின் வீட்டுப் பாயில் அமர்ந்தோம். அவருடன் வரும் பெண்களும் இருந்தனர். முறைகள் அனைத்தும் சரியாக நடந்தனவா என்று எனக்குத் தெரியாது. அக்கா இரண்டு வாக்கியம் பேசிவிட்டு என் முழங்கையை இடித்தார். நான் மூன்று வாக்கியங்களை ஆயத்தம் செய்திருந்தேன். பூட்டு, சாவி, தெரிவிக்கத் தவறியது. வாயிலிருந்து வந்தது வேறு. "டின் குறைந்தபோது நீங்கள்தான் எடுத்தீர்கள் என்று நினைத்தேன். கேட்காமலே நினைத்தேன்."

மெரே முன்னாலிருந்த வேர்க்கட்டைத் தொட்டு, ஏற்றுக்கொண்டதற்கு அடையாளமாகக் கைகளைக் குவித்து மூன்று முறை தட்டினார். "கட்டு ரொம்பச் சின்னது டீச்சர்" என்றார். "ஸ்டூடண்ட்தானே, போகட்டும்." பாயிலிருந்த அனைவரும் சிரித்தனர், ராஜம்மா அக்கா மட்டும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

தலைமை என்பது தவறே செய்யாத கை என்றுதான் எண்ணி வளர்ந்தேன். அப்பாவின் காபியைக் குறைவாக நான் இப்போதும் நினைக்கவில்லை. ஆனால் நான் செய்த தவறு எல்லாருடைய கண்ணிலும் பட்டது. அதைத் திருத்துவதும் எல்லாருடைய கண்ணிலும் படவேண்டியிருந்தது.

மறுநாள் காலை ஆறரை மணிக்குக் கொட்டகைக்குப் போய்ப் பழைய பூட்டை மாட்டிவிட்டு, திறக்காமல் சற்றுத் தள்ளி நின்றேன். மெரே வந்து, நான் நீட்டிய தம் பழைய சாவியை வாங்கித் திறந்தார். பூட்டைக் காட்டிப் பேசிய அந்தத் தாய் வகுப்பறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பின்பு அக்கா வீட்டிலிருந்த என் அறைக்குத் திரும்பினேன். உடனே ஊர் திரும்பு என்ற அப்பாவின் கடிதத்துக்குப் பிறகு பாதி அடுக்கிய என் தகரப்பெட்டி கட்டிலடியில் இருந்தது. புதுப் பூட்டை அதன் கொக்கியில் மாட்டினேன். பூட்டவில்லை.