நாலு ஒயரும் சரியாத்தான் இருந்தது

இன்றைக்குப் பாலிடெக்னிக் பிள்ளைகள் யாராவது வந்து, "சார், ஜிபிஎஸ் மாட்யூலை மைக்ரோகன்ட்ரோலர்ல எப்படி கனெக்ட் பண்றது?" என்று கேட்டால் நாலு ஒயர் என்று சொல்லி முடித்துவிடுவேன். பவர், கிரவுண்ட், டிஎக்ஸ், ஆர்எக்ஸ். மாட்யூல் பேசுகிற ஒயர் கன்ட்ரோலர் கேட்கிற காலுக்குப் போக வேண்டும். அதை மட்டும் மாற்றிக் கொடுக்காமல் இருந்தால் ஒரு மத்தியானத்தில் வேலை முடிந்துவிடும்.

எங்களுக்கு அது மாதக்கணக்கில் இழுத்தது. கடைசியில் ஒரு நல்ல கை இந்தத் தொழிலை விட்டே போய்விட்டது. இத்தனை வருஷம் கழித்தும் அதை நினைத்தால் எனக்கு ஆறவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

1. மாட்யூல் வந்த நாள்

தொண்ணூறுகளின் பின்பாதி. கோயமுத்தூர் கணபதியில் ஒரு சின்ன யூனிட்டில் நான் டெஸ்டிங் பார்த்துக்கொண்டிருந்தேன். மில்களுக்கு லெங்த் கவுண்டர், விசைத்தறிகளுக்கு பிக் கவுண்டர், இவைதான் எங்கள் சரக்கு. தறியில் ஊடை நூல் ஒவ்வொரு முறை குறுக்கே ஓடும்போதும் ஒன்று எண்ணிக் காட்டுவது பிக் கவுண்டர். தறி நின்றிருக்கும்போது அது ஒரே ஒரு எண் கூடினால் போதும், சோமனூர் தறிக்காரர் அடுத்த பஸ்ஸிலேயே அதைக் கழற்றிக் கொண்டுவந்து மேஜைமேல் டொக்கென்று வைப்பார். வைத்துவிட்டு மரியாதையாகத்தான் பேசுவார். அந்த மரியாதைதான் நமக்கு ஆகாது.

எங்கள் ஓனர் துரைசாமி அண்ணன் லேத் பட்டறையில் ஆரம்பித்து எலெக்ட்ரானிக்ஸுக்கு வந்தவர். அவரிடம் ஒரு சட்டம் உண்டு. "சாமானைக் குத்தம் சொல்றதுக்கு முன்னால மூணு தடவை நம்ம கையப் பாருங்க." சப்ளையருக்கு போன் போட்டு சந்தேகம் கேட்பது அவருக்குப் பெரிய மானக்கேடு. கோயமுத்தூர்க்காரன் எதையும் பிரித்துப் பார்த்தே தெரிந்துகொள்வான் என்பது அவர் நம்பிக்கை. நாங்களும் அதைப் பெருமையாகத்தான் நினைத்தோம். கவுண்டர் விஷயத்தில் அந்தச் சட்டம் எங்களைக் கைவிட்டதும் இல்லை.

ஒருநாள் பொள்ளாச்சியிலிருந்து நாச்சிமுத்து என்ற தோப்புக்காரர் வந்தார். சொந்த லாரிகளில் தேங்காயை வடக்கே அனுப்புகிறவர்.

"ஏனுங்க, வண்டி இங்கிருந்து கெளம்புச்சுன்னா திரும்பி வர்ற வரைக்கும் எங்க இருக்குதுன்னே தெரியறதில்லீங்க. சாட்டிலைட்ட வெச்சுக் கண்டுபுடிக்கலாம்னு பேப்பர்ல போட்டிருந்தான். எங்கெங்க நின்னுதுன்னு எழுதி வெக்கறாப்ல ஒரு பொட்டி பண்ணிக் குடுங்க. நல்லா வந்துச்சுன்னா எல்லா வண்டிக்கும் போட்டுக்கலாங்க."

ஓனருக்குப் புதுசு என்றால் சபலம். பெங்களூர் ஏஜென்ட் ஒருவரிடம் சொல்லி மாட்யூலை வரவழைத்தார். சீட்டுக்கட்டு அளவு போர்டு, ஒரு ஆன்டெனா. விலையைக் கேட்டதும் நாங்கள் யாரும் அதைத் தொடவில்லை. எங்களிடம் இருந்த ஒரே டிசைனரும் அப்போதுதான் சாப்ட்வேர் வேலைக்கென்று பறந்திருந்தார்.

தொட்டவள் ஸ்டெல்லா. கருமத்தம்பட்டிக்காரி. அப்பா தறி ஓட்டுபவர். டிப்ளமோ முடித்துவிட்டு எங்கள் சால்டரிங் லைனில் உட்கார்ந்திருந்தாள். காந்திபுரத்தில் 8051 என்ற மைக்ரோகன்ட்ரோலர் வைத்த ஒரு ஹாபி கிட் வாங்கி, எல்இடியை மினுக்குவதில் ஆரம்பித்து, புரோகிராம் எழுதத் தானாகவே கற்றுக்கொண்டவள். சாப்பாட்டு நேரத்தில்கூட அந்தக் கிட்டை நோண்டிக்கொண்டிருப்பாள். லைனில் இருந்தவர்கள் அவளை 'சயின்டிஸ்ட்' என்று ஓட்டுவார்கள். நானும் ஓட்டியிருக்கிறேன்.

ஓனர் அவளைக் கூப்பிட்டார். "அம்மணி, இத நீ பண்ணிப்போடுவியா?"

"பண்றேனுங்க."

"தோப்புக்காரருகிட்ட இது தேறிப்போச்சுன்னா டிசைன் டேபிள் உனக்குத்தான். தேறலீன்னா மறுபடியும் லைன்ல போய் உக்காந்துக்கோணும். அப்பறம் என்னைய நொந்துக்கக்கூடாது."

"சரிங்க" என்றாள். லைனுக்குத் திரும்பி வந்து சால்டரிங் அயர்னை ஆஃப் செய்தாள்.

2. மொட்டை மாடியில் ஏ வந்தது

நாலு ஒயரையும் கொடுத்தாள். டிஸ்ப்ளேயில் குப்பை வந்தது. எந்த பாஷையிலும் சேராத எழுத்துகள். ஒயரை மாற்றிப் பார்த்தோம், குப்பைகூட வரவில்லை. ஆக, ஒயர் சரி.

ரெண்டு நாள் யோசித்துவிட்டு அவளே கண்டுபிடித்தாள். கன்ட்ரோலருக்குத் தாளம் கொடுப்பது கிரிஸ்டல். எங்கள் கவுண்டர்களில் எப்போதும் பன்னிரண்டு மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல்தான் போடுவோம். பழக்க தோஷத்தில் இதிலும் அதையே போட்டிருந்தோம். மாட்யூல் பேசுகிற வேகம் விநாடிக்கு 4800 பிட். அவள் புரோகிராம் எழுதியிருந்த விதத்தில் பன்னிரண்டை வகுத்தால் அந்த வேகம் சுத்தமாக வரவில்லை. 11.0592 மெகாஹெர்ட்ஸ் என்று, சரியாக வகுபடுகிற ஒரு விசித்திரமான கிரிஸ்டல் உண்டு. அதைக் காந்திபுரம் கடைகளில் தேடிப் பிடித்துக்கொண்டு வந்து மாட்டினாள். குப்பை போய், வரிவரியாக எண்ணும் கமாவும் வர ஆரம்பித்தன.

அந்த வரியில் ஓரிடத்தில் 'வி' என்று ஒரு எழுத்து இருக்கும். சாட்டிலைட் இன்னும் பிடிபடவில்லை என்று அர்த்தம். பிடிபட்டால் 'ஏ' என்று மாறும். ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கடியில் மாறவே இல்லை. எல்லாவற்றையும் மொட்டை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். நல்ல வெயில். வேலையை விட்டுவிட்டு எல்லோரும் அந்த ஒற்றை எழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம். வி, வி, வி. ஓனர் தலையில் கர்ச்சீப்பைப் போட்டுக்கொண்டு, "வருமா அம்மணி?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

ஏ வந்தது.

ஸ்டெல்லா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஓனர் பேக்கரிக்கு ஆள் அனுப்பி எல்லோருக்கும் பப்ஸும் டீயும் வாங்கிக் கொடுத்தார். அன்றைக்கு நான் பார்த்த சந்தோஷத்தை அப்புறம் அந்த யூனிட்டில் பார்க்கவில்லை.

3. வாய்க்காலில் இறங்கிய லாரி

பெட்டி தயாரானதும் பொள்ளாச்சிக்குக் கொண்டுபோனோம். ஓனர், ஸ்டெல்லா, நான். வண்டியை ஓட்டிப் பார்ப்பதற்கு முன் நிறுத்தி வைத்துப் பார்ப்போம் என்றார் ஓனர். கவுண்டரை அப்படித்தான் டெஸ்ட் செய்வோம். தறியை நிறுத்திவிட்டு எண் ஆடாமல் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் தறியை ஓட்டுவோம்.

தோப்பில் ஒரு வேப்பமரத்துப் பக்கம், மேலே மறைப்பு இல்லாத இடத்தில் லாரி நின்றது. மத்தியானம்வரை பெட்டி எழுதிக்கொண்டே இருந்தது. பிறகு ஸ்டெல்லா அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை எடுத்து, மீட்டர் கணக்காக மாற்றி, கிராஃப் பேப்பரில் புள்ளி வைத்தாள். புள்ளிகள் ஒரே இடத்தில் விழ வேண்டும். விழவில்லை. மெதுவாக ஊர்ந்து, அறுபது எழுபது மீட்டர் தள்ளிப் போய், வேறு வழியாகத் திரும்பி வந்தன.

நாச்சிமுத்து குனிந்து பார்த்தார். நிலத்தை நன்றாக அறிந்த மனுஷன். மரம் எது, வரப்பு எது என்று கேட்டுக்கொண்டார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார்.

"ஏனுங்க, காலைல இருந்து வண்டி இந்த மரத்துகிட்டயேதான் நிக்குது. உங்க பொட்டி சொல்றதப் பாத்தா வாய்க்கால்ல எறங்கிக் குளிச்சுப்போட்டு, அக்கட்டால பங்காளி தோப்புக்குள்ள பூந்து வந்திருக்குதே?"

எங்களில் யாரும் சிரிக்கவில்லை. ஸ்டெல்லா பேப்பரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தப்பா நெனச்சுக்காதீங்க அம்மணி" என்று அவர் குரலைத் தணித்துக்கொண்டார். "நிக்கற வண்டியவே நிக்குதுன்னு சொல்லத் தெரியலியே. ஓடற வண்டிய இது எப்படிங்க சொல்லும்?"

பெட்டியைக் கழற்றி எடுத்துக்கொண்டோம். திரும்பி வரும் வழியில் ஓனர் ஒரே ஒரு தடவைதான் வாயைத் திறந்தார். "நின்ன எடத்துல ரெண்டு ரீடிங் காட்டுச்சுன்னா அது மீட்டர் இல்ல அம்மணி, கிலுகிலுப்பை. கையப் பாரு."

4. கையைப் பார்த்த மாதங்கள்

அவள் பார்த்தாள். கிரவுண்டில் நாய்ஸ், அதாவது வேண்டாத மின் சலனம், இருக்கும் என்று புது போர்டு போட்டாள். ஆன்டெனா ஒயரைச் சுருக்கினாள். பெட்டிக்குள் அலுமினிய ஃபாயில் சுற்றினாள். பவர் சப்ளையை மாற்றி, பேட்டரியில் ஓட்டிப் பார்த்தாள். ஒவ்வொரு ஜாயிண்டையும் உருக்கி எடுத்துவிட்டு மறுபடி வைத்தாள். மாடியில் அசையாமல் வைத்தாலும் பெட்டி பழையபடி இடம் மாறி நடந்தது.

பத்து ரீடிங்கைச் சேர்த்துச் சராசரி எடுத்தாள். அப்போதும் நடந்தது, கொஞ்சம் நிதானமாக.

அவளோடு உட்கார்ந்து நானும் தேடினேன். அலைவடிவத்தைக் காட்டும் ஸ்கோப்பில் சிக்னல் கண்ணாடி மாதிரி சுத்தமாக இருந்தது. "உன் வேலைல எனக்கு ஒரு குத்தமும் தெரியலம்மா" என்றேன்.

"அப்பறம் ஏனுங்கண்ணா ஆடுது? என் கைலதான் எங்கியோ இருக்குது. எனக்குத்தான் தெரிய மாட்டேங்குது."

மூன்றாவது போர்டும் ஆடியதும் ஓனர் போதும் என்றார். கோபப்படவில்லை. பொள்ளாச்சிக்காரருக்கு போன் செய்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். ஸ்டெல்லா லைனுக்குத் திரும்பினாள். அங்கே 'சயின்டிஸ்ட்' என்று கூப்பிடுவதை எல்லோரும் நிறுத்திவிட்டார்கள். அதுதான் அவளை அதிகமாகச் சுட்டிருக்கும் என்று நினைக்கிறேன். ஹாபி கிட்டை எடுத்துக்கொண்டு வருவதை அவளும் நிறுத்திவிட்டாள்.

கொஞ்ச நாளில் திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் செக்கிங் வேலைக்குப் போனாள். போகிற அன்று என்னிடம், "துணில ஓட்டை இருந்தா கண்ணுல தெரியுதுங்கண்ணா, அது போதும்" என்றாள். பெட்டி ஷெல்ஃபின் மேல்தட்டுக்குப் போனது.

5. ஆடாத எண்

இரண்டாயிரமாவது வருஷம். பேப்பரில் உள்பக்கத்தில் ஒரு சின்னச் செய்தி. ஜிபிஎஸ் சாட்டிலைட் சிக்னலில், தன் ராணுவத்தைத் தவிர மற்றவர்களுக்குத் துல்லியமாகக் கிடைக்கக்கூடாது என்று அமெரிக்க அரசாங்கம் இத்தனை வருஷமாக வேண்டுமென்றே ஒரு பிழையைக் கலந்து அனுப்பிக்கொண்டிருந்ததாம். இப்போது அதை நிறுத்திவிட்டதாம்.

திரும்பத் திரும்பப் படித்தேன். பெங்களூர் ஏஜென்டுக்கு போன் போட்டு அந்தப் பிழையைப் பற்றிக் கேட்டேன். ஓனரிடம் அனுமதி கேட்கவில்லை.

"அதா சார்? நூறு மீட்டர் வரைக்கும் ஆடும் சார். எல்லாருக்குமே அப்படித்தான். வண்டி எந்த ஊர்ல நிக்குதுன்னு பாக்கறதுக்கு அது தாராளமா போதுமே" என்றார். "நீங்க கேக்கவே இல்லையே சார்."

வாஸ்தவம்தான். நாக்பூரில் நிற்கும் லாரி நூறு மீட்டர் தள்ளி நிற்பதாகக் காட்டினால் நாச்சிமுத்துவுக்கு என்ன நஷ்டம்? அவர் கேட்டதைப் பெட்டி முதல் நாளே செய்துகொண்டுதான் இருந்தது. நாங்கள் அதை பிக் கவுண்டராக நினைத்து, தறி நின்றால் எண்ணும் நிற்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தோம்.

ஷெல்ஃபிலிருந்து பெட்டியை இறக்கித் தூசி தட்டி மாடியில் வைத்தேன். ஏ வந்தது. கடைசி எண் மட்டும் ஒன்றிரண்டு கூடிக் குறைந்தது. மற்றதெல்லாம் அப்படியே நின்றன.

அந்த ஞாயிற்றுக்கிழமை பெட்டியையும் ஒரு பேட்டரியையும் மொபெட்டில் கட்டிக்கொண்டு கருமத்தம்பட்டிக்குப் போனேன். ஸ்டெல்லா அப்போதுதான் சர்ச்சில் பூசை முடிந்து வந்திருந்தாள். ஆள் கொஞ்சம் இளைத்திருந்தாள். "வாங்கண்ணா, என்னுங்க இவ்வளவு தூரம்?" என்றவள் பெட்டியைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

வாசலில் தண்ணீர்த் தொட்டியின் மூடிமேல் பெட்டியை வைத்து ஸ்விட்சைப் போட்டேன். ரெண்டு பேரும் நின்றோம். வி, வி, வி. பிறகு ஏ. எண்கள் வந்தன. நின்றன. பக்கத்துப் பட்டறையில் ஒரு தறி ஓடிக்கொண்டிருந்தது. அவள் வெகுநேரம் பார்த்தாள்.

"என்னுங்கண்ணா மாத்துனீங்க?"

"ஒண்ணும் மாத்தலம்மா. நீ வெச்ச சால்டரிங் அப்படியேதான் இருக்குது." விஷயத்தைச் சொன்னேன்.

"அப்ப அன்னிக்கும் சரியாத்தான் இருந்துச்சுங்களா?"

"சரியாத்தான் இருந்துச்சு."

சிரிப்பாள் என்று நினைத்தேன். அழுவாளோ என்றும் பயந்தேன். அவள் முந்தானையால் டிஸ்ப்ளே கண்ணாடியைத் துடைத்தாள்.

"ஓனருகிட்ட நான் பேசறேன். திரும்பி வந்துரும்மா" என்றேன்.

"நான் கிட்டைக் குடுத்துப்போட்டனுங்கண்ணா. புரோகிராம் ஒரு வரிகூட இப்ப ஞாபகத்துல இல்லீங்க." பெட்டியின் ஓரத்தை விரலால் தடவிக்கொண்டே, "ஆறு மாசம் ராத்திரியெல்லாம் தூக்கமில்லாம என் கையவே திட்டிட்டிருந்தனுங்க" என்றாள்.

பிறகு அவளே ஸ்விட்சை அணைத்தாள். மத்தியானம் கம்பெனியில் ஷிப்மென்ட் இருக்கிறதென்று சொல்லி, டீ போட உள்ளே போனாள். டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பினேன். அவள் அப்புறம் எலெக்ட்ரானிக்ஸ் பக்கம் வரவே இல்லை. ஓனரிடம் விஷயத்தைச் சொன்னேன். அதற்குப் பிறகு அந்தச் சட்டத்தை அவர் வாயால் சொல்லி நான் கேட்டதில்லை.

இப்போது யாராவது என்னிடம் வந்து, "ரீடிங் ஆடுது சார், என் சால்டரிங் தப்பா இருக்குமோ?" என்று முகம் வாடிக் கேட்டால் எனக்குக் கோபம்தான் வருகிறது. ஒரு தடவை பார், போதும் என்கிறேன். ரெண்டாவது தடவை பார்ப்பதற்கு முன்னால் விற்றவனுக்கு போன் போடு என்கிறேன். ஸ்டெல்லா மூன்று தடவை தன் கையைப் பார்த்தாள். மூன்று தடவையும் அது சரியாகத்தான் இருந்தது.